பொக்காரா போறவங்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நேபாளத்துல இருக்கிற பொக்காரா ஊரைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேனுங்க. மலைக்கு நடுவால ஒரு பள்ளத்தாக்கு, அதுல ஃபேவான்னு ஒரு ஏரி, ஏரிக்கரையில ஊரு, ஊருக்கு மேல வெள்ளை வெள்ளையா அன்னபூர்ணா மலை. அதுக்கு இத்தனை கடுதாசி வரும்னு நெனைக்கவே இல்ல, வாட்ஸ்அப்ல வந்தது தனி. எல்லாத்துக்கும் பதில் போட இடம் பத்தாதுங்க, ஒரே மாதிரி கேட்டதை எல்லாம் ஒட்டுக்கா சேர்த்து எழுதியிருக்கேன்.

5 நாள்ல காத்மாண்டு, பொக்காரா, முக்திநாத் மூணும் காட்டறோம்னு ஒரு டிராவல்ஸ்ல சொல்றாங்க. நானு, எம்பொண்ணு, 68 வயசு அம்மா மூணு பேரும் போறோம். பணம் கட்டலாமுங்களா? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

வேண்டாம் அம்மணி. பணம் கட்டறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, அதுவே நல்லதாப் போச்சு.

ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போட்டுப் பாருங்க. மொத நாள் கோயமுத்தூர்ல ஏறி டெல்லியோ பெங்களூரோ மாறி காத்மாண்டு போய் இறங்கறதுக்கே பொழுது போயிரும். ரெண்டாம் நாள் விடியால பசுபதிநாதர் கோயில், அப்புறம் பஸ்ல ஏத்தினா பொக்காரா 200 கிலோமீட்டர்தான், ஆனா மலை ரோடு, வேலை வேற நடந்துக்கிட்டே இருக்கும், ஏழெட்டு மணி நேரம் ஆயிரும், இருட்டுன பின்னாடிதான் ஊருக்குள்ள போவீங்க. மூணாம் நாள் மலை மேல இருக்கிற முக்திநாத் கோயிலுக்கு ஏத்தறாங்க, நாலாம் நாள் இறக்கறாங்க, அஞ்சாம் நாள் ஊருக்கு கிளம்பியாச்சு. இதுல பொக்காரா எங்க இருக்குது சொல்லுங்க, ரெண்டு ராத்திரி தூங்குன ஓட்டல் ரூம் மட்டும்தான் பொக்காரா.

நானும் மொத தடவை இதே மாதிரி ஒரு பேக்கேஜ்ல போனவன்தானுங்க. விடியால 4 மணிக்கு எழுப்பி சாரங்கோட் மேட்டுக்கு கூட்டிட்டுப் போனாங்க, மேகம் மூடிக்கிடந்துச்சு, ஒரு மணி நேரம் எல்லாரும் வெள்ளைச் சுவத்தை பார்க்கற மாதிரி நின்னோம், கீழ டிரைவர் ஹாரன் அடிச்சாரு, வந்துட்டோம். எங்கூட வந்த ஒரு பெரியவரு மலை அந்தப் பக்கம்தான் இருக்குதான்னு நாலஞ்சு தடவை கேட்டுக்கிட்டே இறங்குனாரு, அவரு மொகம் எனக்கு இன்னும் மறக்கல.

ரெண்டாவது தடவை போனப்ப வேற எங்கயும் போகல, ஏரிக்கரையிலேயே அஞ்சு ராத்திரி தங்கினேன். மொத ரெண்டு நாள் காலையிலயும் மேகம். மூணாம் நாள் அஞ்சரை மணிக்கு கரைக்கு நடந்து போறேன், ஒரு படகுக்காரரு பாதியா வெட்டுன பிளாஸ்டிக் கேன்ல படகுக்குள்ள தேங்குன தண்ணியை மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டு இருந்தாரு, அந்த சத்தத்தைத் தவிர வேற சத்தமே இல்ல. நான் எதிர்ல இருக்கிற பச்சை மலைக்கு மேல எங்காச்சும் தெரியுதான்னு பார்த்துக்கிட்டு இருக்கேன், அவரு என்னைப் பார்த்துட்டு கையை நேரா மேல காட்டுனாரு. பனிமலையை நாம தேடற இடம் வேற, அது இருக்கிற இடம் வேறங்க. மேகம்னு நாம விட்டுட்ட உயரத்துக்கும் மேல, வானத்துல தனியா ஒரு செவப்புப் புள்ளி. அது மச்சாபுச்சரே மலையோட உச்சி. அந்த செவப்பு மெல்ல மெல்ல கீழ எறங்கி வந்து, மஞ்சளாகி, வெளுத்து, ஒரு இருபது நிமிஷத்துல மலை முழுசா நின்னுச்சு. ஒம்பது மணிக்கெல்லாம் மறுபடி மூடிருச்சு.

அங்க பாதி நாளு அப்படித்தானுங்க. விடியால தெளிவா இருக்கும், வெயிலு ஏற ஏற பள்ளத்தாக்குல இருக்கிற ஈரக்காத்து சூடாகி மேல போயி மலையை மேகம் சூழ்ந்துக்கும். அதனால பொக்காராவுல உங்களுக்கு எத்தனை நாள் இருக்குதுங்கறது கணக்கே இல்ல, எத்தனை விடியால் இருக்குதுங்கறதுதான் கணக்கு. கொறஞ்சது மூணு விடியால் வேணுமுங்க. அஞ்சு நாள்தான் லீவுன்னா காத்மாண்டு ஒரு ராத்திரி, பொக்காரா மூணு ராத்திரின்னு வச்சுக்கோங்க, முக்திநாத்தை இன்னொரு தடவைக்கு விடுங்க. அம்மாவுக்கும் அதுதான் நல்லது, ஏன்னு கீழ சத்தியமங்கலத்துக்காரருக்கு எழுதியிருக்கேன்.

தீபாவளிக்கு கம்பெனி ஒரு வாரம் லீவு, அப்ப போலாமா? மே மாசம் போனா கூட்டம் கம்மின்னு ஒருத்தர் சொன்னாரு. (வாசகர், திருப்பூர்)

தீபாவளி லீவுல கண்ண மூடிக்கிட்டு போங்க, அதைவிட நல்ல நேரமே இல்ல. மழை நின்னு காத்து கழுவி விட்ட மாதிரி இருக்கிற அக்டோபர் கடைசி, நவம்பர் ரெண்டும்தான் மலை தெளிவா தெரியற காலம். டிசம்பர், ஜனவரியும் பரவால்ல, குளிரு எச்சா இருக்கும், காலையில பள்ளத்தாக்குல மூடுபனி நிக்கும்.

மே மாசத்துல கூட்டம் கம்மிதான், ஏன் கம்மின்னா மலை சரியாவே தெரியாதுங்க. மார்ச் கடைசியில இருந்தே காட்டுத்தீ புகையும் தூசியும் சேர்ந்து மங்கிப் போயிரும், பொழுதோட இடி மழை வேற. ஜூன்ல ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் மழைன்னா நம்ம மழை இல்ல. கோயமுத்தூர்ல வருஷம் முச்சூடும் பேஞ்சா 600, 700 மில்லிமீட்டர் வரும், பொக்காராவுல 3,500க்கு மேல. வால்பாறைக்கு மேல சின்னக்கல்லார் பக்கம் மழைக்காலத்துல போயிருந்தீங்கன்னா உங்களுக்குப் புரியும். தெக்க இருந்து வர்ற மழைக்காத்தை தடுக்க நடுவுல பெரிய மலை எதுவும் இல்ல, நேரா வந்து அன்னபூர்ணா மேல முட்டி அத்தனையும் அங்கயே கொட்டிருது. மேக்க லும்லேங்கற ஊர்ல 5,000 மில்லிமீட்டரும் தாண்டும்.

ஒன்னு மட்டும் கவனிச்சுக்கோங்க. நம்ம நவராத்திரி சமயத்துல அவங்களுக்கு தசைன் நோம்பி, நாம பொங்கலுக்கு ஊருக்கு ஓடற மாதிரி நாடே ஊருக்குப் போகும், பஸ்ஸு கிடைக்காது, பாதிக் கடை சாத்தியிருக்கும். நம்ம தீபாவளி சமயத்துல வர்றது திகார், அஞ்சு நாளு. அது போறவங்களுக்கு அருமையான நோம்பி. ஒரு நாள் நாய்க்கு மாலை போட்டு நெத்தியில பொட்டு வச்சு சோறு போடுவாங்க, தெருவுல போற நாயி எல்லாம் செண்டுமல்லி மாலையோட திரியும், பொழுதோட ஊட்டு வாசல்ல விளக்கு, பசங்க கூட்டமா பாட்டு பாடிக்கிட்டு ஊடு ஊடா வருவாங்க.

அந்த ஏரி தானா உண்டானதா, இல்ல நம்ம குளம் மாதிரி கரை கட்டினதுங்களா? (வாசகர், விவசாயி, பொள்ளாச்சி பக்கம்)

இந்தக் கேள்வியை படிச்சதும் எனக்கு ரொம்ப சந்தோசமா இருந்துச்சுங்க, போறவங்க முக்காவாசிப் பேரு போட்டோ எடுத்துட்டு வந்துர்றாங்க, தண்ணி எங்கிருந்து வருது எங்க போகுதுன்னு கேக்கறதில்ல.

ஃபேவா ஏரி ரெண்டும் சேர்ந்ததுங்க. மொதல்ல அது தானா உண்டானது. அன்னபூர்ணா மலைத்தொடருக்கு நடுவால பெரிய கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம் இருக்குது, ஏறக்கொறைய 700ல இருந்து 900 வருஷத்துக்கு முன்னாடி பெரிய பெரிய நிலநடுக்கம் வந்து, அங்கிருந்து கல்லும் மண்ணும் தண்ணியும் ஒரே வெள்ளமா சேதி ஆத்து வழியா எறங்கி இந்தப் பள்ளத்தாக்கையே ரொப்பிருச்சு. இன்னைக்கு பொக்காரா டவுன் நிக்கறது அந்தக் கல்லுமண்ணு மேலதான். மெயின் பள்ளத்தாக்கு மேடாயிட்டதால பக்கத்துல இருந்து வர்ற சின்ன ஓடைகளோட வாய் அடைபட்டுப் போச்சு, தண்ணி வெளிய போக வழியில்லாம பின்னாடி தேங்கி ஏரி ஆயிருச்சு. ஃபேவா மட்டுமில்ல, கெழக்க இருக்கிற பேக்னாஸ் ஏரி, ரூபா ஏரி எல்லாமே அப்படி அடைபட்ட தண்ணிதான்.

ஊர்க்காரங்க சொல்ற கதை வேற. பிச்சை கேட்டு வந்த அம்மாளை ஊரே வெரட்டி விட்டுச்சாம், ஒரே ஒரு பொம்பள மட்டும் சோறு போட்டாளாம், வந்தவ அம்மன், மேட்டுக்குப் போயிருன்னு சொல்லிட்டு மறைஞ்சுட்டா, ராத்திரியே ஊரு தண்ணிக்குள்ள போயிருச்சு, அந்த ஒருத்தி நின்ன மேடுதான் ஏரி நடுவுல இருக்கிற தீவு, அதுலதான் தால் பராஹி அம்மன் கோயிலு இருக்குது. மலையில இருந்து வெள்ளம் எறங்கி ஊரை மூடுன ஒரு ராத்திரியோட நெனப்புதான் இப்படிக் கதையா நிக்குதோன்னு எனக்கு தோணும். 2012 மே மாசம்கூட சேதி ஆத்துல திடீர்னு வெள்ளம் வந்து எழுபது பேருக்கு மேல போயிட்டாங்க.

அப்புறம் மனுசன் கை வச்சது. 1960கள்ல தெக்கு மூலையில அணை கட்டுனாங்க, 1970கள்ல அது உடைஞ்சு, மறுபடி கட்டுனாங்க. அந்த இடத்துக்கே பேரு டேம்சைட். அங்கிருந்து வாய்க்கால்ல தண்ணி வயலுக்குப் போகுது, ஒரு சின்ன கரண்ட் ஸ்டேசனும் ஓடுது. மிச்சத் தண்ணி ஓடையா போயி டேவிஸ் ஃபால்ஸ்ங்கற இடத்துல பூமிக்குள்ளயே பூந்துரும், ஊர்க்காரங்க வச்ச பேரு பாதாளே சாங்கோ, பாதாள அருவி. ரோட்டுக்கு அக்கட்டால குப்தேஸ்வர் மகாதேவர் குகை இருக்குது, அதுக்குள்ள எறங்கிப் போனா அதே அருவியை பாதாளத்துல இருந்து பார்க்கலாம்.

நீங்க விவசாயிங்கறதால இதையும் சொல்றேன். மேக்குப் பக்கம் ஹர்பன் ஓடை ஏரிக்குள்ள வந்து சேர்ற இடத்துக்கு போயிப் பாருங்க, வண்டல் ஏறி ஏறி ஏரி வயலா மாறிக்கிட்டு இருக்குது. மலையில ரோடு வெட்ட வெட்ட மண்ணு இன்னும் எச்சா எறங்குது. அம்பது, அறுபது வருஷத்துக்கு முன்னாடி இருந்த அகலம் இன்னைக்கு இல்ல. நொய்யல்ல ஒவ்வொரு குளமா மண்ணு மூடுனதைப் பார்த்த கண்ணுக்கு அந்த மூலையில நிக்கறப்ப வெசனமா இருக்குமுங்க.

ஆதார் போதுமா? பணம் எப்படி கொண்டு போறது? (ஈரோடு, சென்னிமலை, கரூர்ல இருந்து பல பேரு)

பத்தாது. இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. விசா வேண்டாம்ங்கறது சரி, ஆனா பெரியவங்களுக்கு பாஸ்போர்ட் இல்லைன்னா தேர்தல் கமிஷன் குடுத்த வாக்காளர் அட்டை, இந்த ரெண்டுல ஒன்னு வேணும். 15 வயசுக்குக் கீழயும் 65 வயசுக்கு மேலயும் இருக்கிறவங்களுக்கு மட்டும் ஆதார் மாதிரி போட்டோவும் வயசும் இருக்கிற அட்டை செல்லும். எங்க பெரியம்மாவுக்கு அப்ப 58 வயசு, வாக்காளர் அட்டையை ஊட்டு பீரோவுலயே வச்சுட்டு ஆதாரை மட்டும் எடுத்துட்டு வந்துட்டாங்க, ஏர்போர்ட் கவுண்டர்ல திருப்பி அனுப்பிட்டாங்க. மாசக்கணக்கா காத்திருந்தவங்க, பையைத் தூக்கிக்கிட்டு திரும்பி நடந்ததை பார்த்த எங்களுக்கும் போகவே மனசு வரல. 15ல இருந்து 18 வயசுப் பசங்களுக்கு பாஸ்போர்ட் இல்லைன்னா ஸ்கூல் ஹெட்மாஸ்டர்கிட்ட அதுக்குன்னு இருக்கிற படிவத்துல சான்று வாங்கிக்கோங்க.

பணம் சுலபமுங்க. நம்ம 100 ரூபா அவங்களுக்கு 160 ரூபா, 1993ல இருந்து மாறவே இல்ல. கடையில விலை சொன்னா நம்ம ரூபாயா நேபாள ரூபாயான்னு மொதல்ல கேட்டுக்கோங்க, பாதித் தகராறு அதுலதான் வருது. நம்ம பெரிய நோட்டுல சிக்கல் வரலாம், 100 ரூபா நோட்டாவே ஒரு கட்டு வச்சுக்கோங்க. நம்ம ஃபோன்பே (PhonePe) இல்லீங்க, ஃபோன்-ப்பேன்னு (Fonepay) அவங்க ஊரு கியூஆர் ஒன்னு இருக்குது, 2024ல இருந்து அதுல நம்ம யூபிஐயும் எடுக்கும், ஆனா அதையே நம்பி போகாதீங்க. கடிகாரத்தை 15 நிமிஷம் முன்னாடி திருப்பி வைங்க.

ரயில்ல போகோணும்னா ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் நம்ம கோயமுத்தூர், ஈரோடு வழியா கோரக்பூர் போகுது, ரெண்டு நாள் பக்கம் ஆகும். அங்கிருந்து பஸ்ல மூணு மணி நேரம் சுனௌலி பார்டர், நடந்தே தாண்டலாம், தாண்டி பொக்காராவுக்கு பஸ்ஸு, அது ஒரு பகல் முழுக்க.

நான் எடுத்த போட்டோ எதுலயும் மச்சாபுச்சரே மீன் வால் மாதிரி இல்லையே? (வாசகி, காங்கேயம்)

நீங்க எடுத்தது சரியான மலைதான் அம்மணி. மச்சாபுச்சரேன்னா மீன் வால்தான், ஆனா பொக்காராவுல இருந்து பார்த்தா கூர்ப்பா ஒத்தைக் கோபுரம் மாதிரிதான் தெரியும். ரெட்டை உச்சி பிரிஞ்சு வால் மாதிரி தெரியறதுக்கு மேக்குப் பக்கமா சுத்திப் போகோணும், மலையேறிப் போறவங்களுக்குத்தான் அது.

6,993 மீட்டர். பின்னாடி நிக்கிற அன்னபூர்ணா 8,091 மீட்டர், அதைவிட இது ஆயிரத்துச் சொச்சம் கம்மி, ஆனா முன்னாடி தள்ளி நிக்கறதால ஊருக்குள்ள இருந்து இதுதான் பெருசா தெரியும். 1957ல ஒரு பிரிட்டிஷ் குழு உச்சிக்கு சுமார் 150 அடி கீழ வரைக்கும் போயிட்டு அப்படியே திரும்பிருச்சு. ஊர்க்காரங்களுக்கு அது சிவன் இருக்கிற மலை, உச்சியை மிதிக்கக் கூடாது. அதுக்கப்புறம் அரசாங்கம் ஏறவே அனுமதி குடுக்கல. நாம வெள்ளியங்கிரியில ஏழு மலையும் ஏறித்தான் சாமியைப் பார்க்கறோம், அவங்க ஏறாம கீழ நின்னு கும்பிடறாங்க. ரெண்டும் பக்திதானுங்க.

இன்னொன்னு, முக்திநாத் போற வழியில இருக்கிற ஜோம்சோம் பக்கம் 7,000 மீட்டர் தாண்டுன ஒரு பனிமலைக்கு நீல்கிரின்னே பேரு. அதைக் கேட்டதும் மேட்டுப்பாளையம் ரோடு ஞாபகம் வந்து எனக்கு தொண்டை அடைச்சிருச்சு.

எங்கம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற மாட்டாங்க. ஓட்டல் ரூம்லயே உட்கார வேண்டியதுதானா? (வாசகர், கரூர்)

இல்லவே இல்லீங்க, பொக்காரா வயசானவங்களுக்குன்னே இருக்கிற ஊருன்னு சொல்லுவேன். ஏரிக்கரை முழுக்க சமதளம். உயரமும் 800 மீட்டர் சொச்சம்தான், நம்ம ஏற்காட்டுல பாதி, மூச்சு முட்டறதுக்கு வழியே இல்ல. சாரங்கோட் மேட்டுக்கு 2022ல இருந்து ரோப் கார் ஓடுது, ஏரிக்கரை வடக்க சேதி பகர்ங்கற எடத்துல ஏறிக்கலாம், பத்து நிமிஷம் பக்கம்தான். விடியால எத்தனை மணிக்கு தெறக்கறாங்கன்னு மொத நாள் பொழுதோடவே கேட்டு வச்சுக்கோங்க. மேல காப்பி குடிச்சுக்கிட்டே உட்கார்ந்து பார்க்க நாற்காலி இருக்குது.

அமைதி ஸ்தூபின்னு ஏரிக்கு தெக்க மலை மேல ஜப்பான் பௌத்தங்க கட்டுன வெள்ளைக் கோபுரம், அங்க மேல வரைக்கும் காரு போனாலும் கடைசியில படி இருக்குது, அதை விட்டுருங்க. தீவுக் கோயிலுக்கு படகுல போறப்ப ஏறி எறங்கத்தான் கொஞ்சம் கை பிடிக்கோணும். சனிக்கிழமை அவங்களுக்கு வார லீவு, கோயில்ல கூட்டம் நெரியும், கெடாய், சேவல் எல்லாம் கொண்டாந்து பலி குடுப்பாங்க, அம்மாவுக்கு ஒத்துக்காதுன்னா வேற நாள் போங்க.

ஜமக்காளம் நெய்யற குடும்பம் எங்களுது. அங்க நெசவு எதாச்சும் பார்க்கலாமுங்களா? (வாசகர், பவானி)

நீங்க கட்டாயம் போகோணும். டேவிஸ் ஃபால்ஸ்க்கு பக்கத்துலயே தாஷிலிங்னு திபெத்துக்காரங்க குடியிருப்பு இருக்குது, 1959க்கு அப்புறம் மலை தாண்டி வந்தவங்க. அங்க கம்பளி விரிப்பு நெய்யறாங்க.

உங்களுது குழித்தறி, கால் கீழ தொங்கும், பாவு படுத்திருக்கும். அவங்க தறி செவுத்துல சாத்துன ஏணி மாதிரி செங்குத்தா நிக்கும். முன்னாடி பலகையில ரெண்டு பொம்பளைங்க ஒட்டி உட்கார்ந்து, குறுக்க ஒரு கம்பியை வச்சு, ரெண்டு பாவு நூலுக்கு ஒரு சுத்து, கம்பியைச் சுத்தி ஒரு வளையம், மறுபடி நூலு, மறுபடி வளையம்னு கையாலயே போட்டுக்கிட்டு போறாங்க. ஒரு வரிசை முடிஞ்சதும் சுத்தியால அடிச்சு இறுக்கிட்டு, கம்பி மேலயே கத்தியை ஓட்டுறாங்க, வளையம் எல்லாம் அறுபட்டு பஞ்சு மாதிரி எழும்பி நிக்குது. அந்தக் கத்தி போற சத்தத்தை நான் கால் மணி நேரம் கேட்டுக்கிட்டு நின்னேன். வயசான ஒரு அம்மா மடியில ரோமத்தைப் போட்டு நூல் முறுக்கிக்கிட்டு இருந்தாங்க, எங்க ஊருப் பக்கமும் இப்படித்தான்னு நான் கையால காட்டுனேன், சிரிச்சுட்டு நூல் முறுக்கற கதிரை எங்கிட்ட நீட்டுனாங்க, நூலு நாலு தடவை அறுந்து போச்சு, ஒவ்வொரு தடவையும் அவங்களே ஒட்டுப் போட்டு குடுத்தாங்க.

வாங்கறதா இருந்தா அங்கயே நேரா வாங்குங்க, நெய்யறவங்க கைக்கு காசு போகும். விலையை அடிச்சு அடிச்சு கேக்காதீங்க, ஒரு விரிப்புக்கு எத்தனை நாள் கை வேலைன்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

சைவம் சாப்பிடறவங்களுக்கு கஷ்டமா? (வாசகி, திருச்செங்கோடு)

கஷ்டமே இல்லீங்க. தால் பாத்துன்னு கேளுங்க, சோறு, பருப்பு, காய், கீரை, ஊறுகாய், எல்லாம் ஒரே தட்டுல வரும், போதும்னு சொல்ற வரைக்கும் மறுபடி மறுபடி கொண்டாந்து போடுவாங்க, நம்ம எலைச் சாப்பாடு கணக்குத்தான். குந்த்ருக்னு கீரையைப் புளிக்க வச்சு காய வச்சு ஒரு ரசம் மாதிரி வைப்பாங்க, விட்டுடாதீங்க. மோமோ வாங்கறப்ப மட்டும் சூதானம், பஃப்னு போட்டிருந்தா எருமைக் கறி. வெஜ்ஜுன்னு வாய்விட்டுச் சொல்லி வாங்குங்க.

எங்க சொந்தக் காரை ஓட்டிக்கிட்டே போலாமா? (வாசகர், நாமக்கல்)

போலாம். பார்டர்ல பன்சார்னு ஒரு அனுமதி, எத்தனை நாளைக்குன்னு சொல்லி பணம் கட்டோணும், அந்த நாளுக்குள்ள வெளிய வந்தரோணும், ஆர்சி புக்கு, லைசென்ஸ் ஒரிஜினல் கையில இருக்கோணும். சுனௌலியில இருந்து தான்சேன் வழியா போற சித்தார்த்தா ரோடு வளைவுக்கு வளைவு நம்ம கொல்லிமலை ஞாபகம் வரும். மழைக்காலத்துல மண்ணு சரியும், அப்ப வேண்டாம். ராத்திரி ஓட்டவே ஓட்டாதீங்க, லாரி ஓட்டிப் பழகுன கையா இருந்தாலும் சரி.

விமானத்துல போறவங்க சில பேரு பயமா இருக்குதுன்னு எழுதியிருக்கீங்க. 2023 ஜனவரி 15ல பொக்காராவுல எறங்கற நேரத்துல ஒரு விமானம் விழுந்து 72 பேரும் போயிட்டாங்க, அதை மறைச்சு நான் எழுத மாட்டேன். பயம் இருந்தா காத்மாண்டுல இருந்து பகல் பஸ்ஸுல போங்க. விமானத்துல போனா அரை மணி நேரம்தான், போறப்ப வலது பக்க சீட்டு கேளுங்க, மலை அந்தப் பக்கம்.

108 திவ்ய தேசத்துல சாளக்கிராமம் போகோணும்னு ஆசை. எனக்கு 70 வயசு. (வாசகர், சத்தியமங்கலம்)

திருமங்கையாழ்வாரு பாடுன அந்த இடம் முக்திநாத்தான்னு நம்ம ஆளுக வருஷா வருஷம் போறாங்க. நீங்க போகலாமுங்க, அவசரப்படாம போகோணும்.

கோயிலு 3,700 மீட்டருக்கு மேல இருக்குது, தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், கணக்குப் போட்டுக்கோங்க. பொக்காரா 800ல இருந்து ஒரே நாள்ல அங்க போயி நின்னா தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் எல்லாம் வரும், அது வயசையும் பார்க்காது பலத்தையும் பார்க்காது. நடுவுல ஜோம்சோம் இல்ல மார்பால ஒரு ராத்திரி, முடிஞ்சா ரெண்டு ராத்திரி தங்குங்க, ரெண்டும் 2,700 மீட்டர் பக்கம். மார்பா ஆப்பிள் தோட்டத்து ஊரு, கல்லு ஊடு, சந்து சந்தா அழகா இருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, பிரஷர், இருதய மாத்திரை சாப்பிடறவங்க கட்டாயம் கேக்கோணும். தலை சுத்துச்சுன்னா இன்னும் கொஞ்சம்தானேன்னு ஏறாதீங்க, கீழ எறங்கிருங்க.

பொக்காராவுல இருந்து ஜோம்சோமுக்கு குட்டி விமானம் இருபது நிமிஷம், காலையில மட்டும்தான் பறக்கும், மத்தியானமானா காளி கண்டகி பள்ளத்தாக்குல காத்து அப்படி அடிக்கும். வானிலை சரியில்லைன்னா அன்னைக்கு பறக்காது, அதனால பின்னாடி ஒரு நாள் கையிருப்பு வச்சே டிக்கெட் போடுங்க. ரோட்டுல போனா ஒரு நாள் முழுக்க, இடுப்பு ஒடியும், ஆனா அன்னபூர்ணாவுக்கும் தௌலகிரிக்கும் நடுவால ஆத்தை ஒட்டியே போகலாம், சாளக்கிராமக் கல்லு கெடைக்கிற ஆறு அதுதான்.

கோயிலைச் சுத்தி 108 மாட்டுத்தலை வாயில இருந்து ஐஸ் தண்ணி கொட்டும், ஓடிக்கிட்டே நனைவாங்க. 70 வயசுல நீங்க அது பண்ண வேண்டாம். கையில பிடிச்சு தலையில தெளிச்சுக்கோங்க, பெருமாளு ஒன்னும் சொல்ல மாட்டாரு.

ஊட்டி ஏரியவிட பெருசா? மிதிக்கிற போட் இருக்குதா? (ஆறாம் வகுப்பு மாணவி, அவிநாசி)

ரொம்பப் பெருசு கண்ணு. ஊட்டி ஏரி மாதிரி நாலஞ்சை உள்ள போட்டாலும் இடம் இருக்கும். மிதிக்கிற போட்டும் இருக்குது, டுங்கான்னு பச்சை, நீலம், செவப்பு பெயிண்ட் அடிச்ச மரப் படகும் இருக்குது, நீ டுங்காவுல போ, துடுப்பு போடறவங்க பாட்டு பாடுவாங்க. லைஃப் ஜாக்கெட்டை போட்டோக்குக் கூட கழட்டாத. சர்வதேச மலை மியூசியம்னு ஒன்னு இருக்குது, மலை ஏறுனவங்க பழைய ஷூ, கயிறு எல்லாம் வச்சிருக்காங்க, அப்பாவை கூட்டிட்டுப் போகச் சொல்லு. படகுக்கு மட்டும் காலையிலேயே போயிரு, மத்தியானத்துக்கு மேல காத்து கிளம்பிரும், தண்ணி கலங்குனா மலையோட நெழலு ஏரிக்குள்ள தெரியாது.